பூச்சு வேலையை எந்த வெளிச்சத்தில் பார்ப்பது?

கேள்வி, 11 பிப்ரவரி 2024

மன்னார்குடிப் பக்கம் வீடு கட்டுகிறோம். உட்பூச்சு முடிந்து ஒன்பது நாள் ஆகிறது. நேற்று இரவு என் மைத்துனர் வந்து கைபேசி விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக் காட்டினார். கூடத்துச் சுவர் முழுக்க அலை அலையாக இருக்கிறது. பகலில் இது கண்ணில் படவே இல்லை. கொத்தனாருக்கு இன்னும் 38,000 ரூபாய் பாக்கி. வேலை சரியில்லை என்பது தெரிந்துவிட்டது. பாக்கியில் எவ்வளவு பிடித்துக்கொள்வது நியாயம்?

11 பிப்ரவரி, இரவு

ஒரு ரூபாயும் பிடிக்காதீர்கள். முதலில் விளக்கை அணையுங்கள்.

சுவரோடு ஒட்டிப் பிடித்த விளக்கில் எந்தச் சுவரும் தப்பாது. ஒரு மில்லிமீட்டர் மேடு அந்த வெளிச்சத்தில் இரண்டு விரற்கடை நிழலாக நீளும். அதே விளக்கை நான்கடி தள்ளி நின்று நேராகச் சுவரில் அடியுங்கள். அலை இருந்த இடமே தெரியாது. நாளை காலை விரிவாக எழுதுகிறேன். அதற்குள் கொத்தனாரிடம் எதுவும் பேசிவிடாதீர்கள்.

12 பிப்ரவரி

செய்ய வேண்டியது இது. ஆறடிக்குக் குறையாத அலுமினிய மட்டக்கோல் ஒன்றை வாங்குங்கள் அல்லது கொத்தனாரிடமே கேளுங்கள். வளைந்த கோல் நல்ல சுவரையும் வளைத்துக் காட்டும். எனவே முதலில் கோலின் ஓரத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு சுவரில் நெடுக்காக, குறுக்காக, மூலைவாட்டில் வைத்து, இடைவெளி தெரியும் இடத்தில் நாணயத்தை நுழைத்துப் பாருங்கள். நம் ரூபாய் நாணயங்கள் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் கனம். ஒரு நாணயம் நுழைந்தால் பேசாமல் அடுத்த இடத்துக்குப் போங்கள். இரண்டு நாணயம் சேர்ந்து நுழைந்தால் சாக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். மூன்று சேர்ந்து நுழைந்தால் கொத்தனாரைக் கூப்பிடுங்கள். இது விதிநூல் கணக்கு அல்ல, நான் மூன்று வீடு பார்த்து வைத்துக்கொண்ட கணக்கு.

தூக்குக் குண்டைத் தரையிலிருந்து கூரை வரை மூன்று இடத்தில் விட்டுப் பாருங்கள். மூலைமட்டத்தை அறை மூலைகளில் வையுங்கள், குறிப்பாகச் சமையலறையிலும், அலமாரி வரப்போகும் சுவரிலும். கூடத்து மூலை அரை அங்குலம் விரிந்திருந்தால் யாருக்கும் நட்டமில்லை. அலமாரி மூலை அப்படி இருந்தால் தச்சர் வரும்போது உங்களுக்குச் செலவு.

ஆணியால் ஓரமாகக் கீறிப் பாருங்கள். வெள்ளைக் கோடு மட்டும் விழுந்தால் நல்லது. மணல் பொலபொலவென்று உதிர்ந்தால் அதுதான் உண்மையான குறை. அலையைவிட அது பத்து மடங்கு பெரியது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க யாரும் விளக்கோடு வருவதில்லை.

12 பிப்ரவரி, மாலை

ஒன்று விட்டுப்போயிற்று. பார்க்கும் நேரம் காலை பத்து மணியிலிருந்து பகல் மூன்று மணி வரை. நிற்கும் தூரம் ஆறரை அடி, நேருக்கு நேராக. அந்த அறையில் வாழப்போகிறவர்கள் எங்கே நின்று சுவரைப் பார்ப்பார்களோ அங்கே நில்லுங்கள்.

14 பிப்ரவரி

இவ்வளவு உறுதியாக எனக்கு எப்படித் தெரியும் என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நான் பொறியாளர் அல்ல, கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இது நான் ஒருவருக்குச் செய்த தவறிலிருந்து கற்றது.

2014இல் திருவெறும்பூரில் வீடு கட்டினேன். பூச்சு முடிந்த பிறகு ஒரு நாள் இரவு, உங்கள் மைத்துனர் செய்ததையே நானும் செய்தேன். அப்போது கையில் இருந்தது மூன்று பேட்டரி டார்ச். கூடத்துச் சுவரில் அலை. அதோடு சுவிட்சுப் பெட்டியிலிருந்து கூரை வரை நேர்கோடாக ஒரு விரிசல். மறுநாள் மேஸ்திரியிடம் இரண்டையும் காட்டி 6,000 ரூபாய் பிடித்துக்கொண்டேன். அவர் டார்ச்சைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், சித்தாள்களின் கூலியை மட்டும் எண்ணி வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேசாததால் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று அன்று நினைத்தேன்.

அலைக்குப் பிறகு என்ன ஆயிற்று? பட்டி (வண்ணத்துக்கு முன் மெல்லிசாகத் தடவும் வெள்ளைப் பசை) பார்த்து வண்ணம் அடித்தபின் பத்து ஆண்டுகளாக அந்தச் சுவரில் ஒரு விருந்தாளியும் அலையைக் கண்டதில்லை. நானே தேடினாலும் அகப்படவில்லை.

விரிசலின் கதை வேறு. அதைத் தனியாக எழுத வேண்டும்.

15 பிப்ரவரி

சுவரைத் தட்டிப் பார்க்கச் சொல்லவில்லையே என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். தட்டலாம். கல்லும் பூச்சும் ஒட்டாத இடத்தில் சத்தம் மாறும். நல்ல இடத்தில் 'ணங்' என்று கெட்டியான ஒலி, ஒட்டாத இடத்தில் காலிப் பானையைத் தட்டியதுபோல் 'டொப்' என்று வரும்.

லால்குடியில் தங்கை வீட்டுப் பூச்சை 2019இல் பார்த்தபோது எங்கள் அம்மாவுக்கு எண்பது வயது. நாங்கள் மட்டக்கோலும் கையுமாக நிற்க, அவர் பாக்குவெட்டியின் பிடியால் சுவரை ஒவ்வொரு சாணாகத் தட்டிக்கொண்டே வந்தார். பூசை அறைக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் நின்று, இதற்குள் காற்று இருக்கிறது என்றார். கொத்தனார் கரணையின் முனையை விட்டு நெம்பினார். ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு அப்படியே பெயர்ந்து வந்தது. பின்னால் கான்கிரீட் தூண், கண்ணாடிபோல் வழவழவென்று. கொத்திவிடாமல் பூசியிருந்தார்கள். சாந்து பிடித்துக்கொள்ள ஒரு பள்ளம்கூட அங்கே இல்லை.

எனவே தட்டிப் பாருங்கள். தூணும் செங்கல்லும் சேரும் இடம், உத்தரத்தின் அடி, கூரையின் ஓரம், இந்த மூன்றும் முக்கியம்.

16 பிப்ரவரி

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் வீடு முழுக்கத் தட்டி, நாற்பத்திரண்டு இடத்தில் டொப்பு வருகிறது, எல்லாவற்றையும் பெயர்க்கச் சொல்லப்போகிறேன் என்கிறார். தயவுசெய்து வேண்டாம். உள்ளங்கையைவிடச் சிறிய இடத்தில், சுற்றிலும் விரிசல் இல்லாமல், அழுத்தினால் அசையாமல் இருந்தால் விட்டுவிடுங்கள். அதைப் பெயர்க்கிற அதிர்ச்சியில் பக்கத்தில் நன்றாக ஒட்டியிருப்பதும் விட்டுப்போகும். ஒட்டுப்போட்ட இடம் புதுப் பூச்சில் கடைசி வரை தனியாகத் தெரியும். கூரைப் பூச்சு மட்டும் விதிவிலக்கு. தலைக்கு மேல் இருப்பதில் சந்தேகம் வந்தால் எடுத்துவிடுவதே சரி.

18 பிப்ரவரி

ஓட்டல் உள்ளலங்காரம் செய்கிறவர் ஒருவர் சூடாகவே பதில் எழுதியிருக்கிறார்: விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்க்காமல் தாம் எந்த வேலையையும் ஏற்பதில்லையாம், நான் கொத்தனார்களுக்குச் சலுகை கேட்கிறேனாம்.

அவர் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கூரையோரம் மறைவிளக்குப் பட்டை வைத்து வெளிச்சத்தைச் சுவரில் வழியவிடும் அறைகள் இருக்கின்றன. அங்கே அந்த வெளிச்சமே அன்றாட வெளிச்சம். அதேபோல், பெரிய ஜன்னலை ஒட்டிச் செங்குத்தாக நிற்கும் சுவரில் காலை வெயில் பத்து நிமிடம் சறுக்கிக்கொண்டு போகும். அந்தச் சுவர்களில் அலை இருந்தால் தினமும் கண்ணில் படும், குறைதான்.

ஆனால் அதைப் பூசுவதற்கு முன் சொன்னீர்களா? இந்தச் சுவரில் விளக்கு வழியப்போகிறது, இதற்குக் கூடுதல் கவனம் வேண்டும், கூடுதல் கூலி தருகிறேன் என்று பேசினீர்களா? சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே கூலி பேசி, எல்லாச் சுவரையும் ஒரே நாளில் முடிக்கச் சொல்லிவிட்டு, கடைசியில் ஓட்டல் அளவுகோலை எடுத்தால் அது தராசில் கல்லை மாற்றிப் போடுகிற வேலை.

18 பிப்ரவரி, இரவு

மேலே கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். அந்த நண்பர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துத்தான் வேலை வாங்குகிறாராம். அப்படியென்றால் அவர் செய்வது முறையானதே.

26 பிப்ரவரி

விரிசலின் கதை.

மேஸ்திரியின் கணக்கில் நான் எழுதிய அந்த நேர்க்கோட்டு விரிசலை, 2017இல் சுவிட்சுப் பெட்டி மாற்ற வந்த மின்பணியாளர்தான் விளக்கினார். பெட்டியைக் கழற்றி விரலைவிட்டுப் பார்த்தார். மின்கம்பிக் குழாய்க்காகச் சுவரில் வெட்டிய காடி ஆழமே இல்லை. குழாய் செங்கல் மட்டத்துக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அதன் மேல் பூச்சு ஒரு பிஸ்கட் கனம்தான். கம்பி வலை அடிக்கவில்லை, காடியை முன்கூட்டியே சாந்தால் அடைத்துக் காயவிடவும் இல்லை. அப்படி இருந்தால் யார் பூசினாலும் அந்தக் கோட்டில் வெடிக்கும். அந்தக் காடியை வெட்டியவருக்கு நான் முழுக்கூலியும் கொடுத்து, கிரகப்பிரவேசத்தில் வேட்டி துண்டும் வைத்துக் கொடுத்திருந்தேன்.

பூச்சு என்பது கடைசியாக மேலே வருவது. கீழே உள்ளவர் செய்தது எல்லாம் அதன் முகத்தில் தெரியும். சுவர் கட்டியவர் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் சாய்த்துக் கட்டியிருந்தால், பூசுகிறவர் ஒரு பக்கம் 12 மில்லிமீட்டர், மறுபக்கம் 40 மில்லிமீட்டர் போட்டுத்தான் தூக்குக்குண்டுக்குக் கொண்டுவர முடியும். 40 மில்லிமீட்டரை ஒரே மூச்சில் போட்டால் சரியும், வெடிக்கும். இரண்டு தடவையாகப் போட நாள் வேண்டும், சிமெண்டு வேண்டும். இரண்டையும் தருகிற மனம் வீட்டுக்காரருக்கு வேண்டும். பூசும் முன் மூலைக்கு மூலை நூல் பிடித்துச் சாந்துப் பொட்டு வைக்கும்போதே சுவரின் வண்டவாளம் வெளியே வந்துவிடும். அந்த நேரத்தில் நீங்கள் அங்கே இருந்து பார்த்திருந்தால் பிறகு யார் மீதும் வீண்பழி போடமாட்டீர்கள். நான் அன்று வங்கியில் இருந்தேன்.

மணலும் அப்படியே. பூச்சுக்கென்று விற்கும் பி சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) 2.36 மில்லிமீட்டருக்குள் சலித்தது. அதில் கல்மாவு அதிகமாக இருந்தால் சுவர் முழுக்கச் சிலந்திவலைபோல் மயிரிழை விரிசல் விழும். மலிவான லோடு எது என்று பார்த்து வாங்கியது யார்? பெரும்பாலும் நாம்தான். உப்புத்தண்ணீர் ஆழ்குழாயும் நம்முடையது. வெள்ளை உப்புப் பூத்தால் கொத்தனாரைத் திட்டுவதில் பொருளில்லை.

தண்ணீர் விடுவது யார் பொறுப்பு என்று வேலை தொடங்கும்போதே பேசிவிடுங்கள். ஏழு நாளாவது சுவர் ஈரமாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் நான்காம் நாள் தண்ணீர் வராமல் இரண்டு நாள் சுவர் வெயிலில் காய்ந்தது. மேற்குச் சுவரின் மயிரிழை விரிசல்கள் அந்த இரண்டு நாளின் பிள்ளைகள். அவற்றையும் மேஸ்திரியின் கணக்கில்தான் எழுதினேன்.

27 பிப்ரவரி

அப்படியானால் கொத்தனாரின் குறையே கிடையாதா? உண்டு. சாப்பாட்டுக்குப் போய்வந்து, இறுகத் தொடங்கிய கலவையில் மறுபடி தண்ணீர் ஊற்றிப் பிசைந்து அடிப்பது. தூணைக் கொத்திவிடாமல் பூசுவது. தூணும் சுவரும் சேரும் இடத்தில், வலை வாங்கிக் கொடுத்த பிறகும் அடிக்காமல் விடுவது. ஈரம் சீக்கிரம் வாங்க வேண்டும் என்று பூச்சின் மேல் வெறும் சிமெண்டைத் தூவித் தேய்ப்பது. நேற்றுப் பூசியதும் இன்று பூசியதும் சேரும் இடத்தில் மேடு விடுவது. இவற்றுக்குப் பணம் பிடிக்கலாம், திரும்பச் செய்யச் சொல்லலாம்.

சிமெண்டைத் தூவுவதில் மட்டும் நமக்கும் பங்குண்டு. சுவர் வழவழவென்று இருந்தால்தான் நல்ல பூச்சு என்று நினைத்து அதைக் கேட்டு வாங்குகிறோம். பட்டி பார்க்கப்போகும் சுவருக்கு மணியாஸ் கட்டையால் (பூச்சைத் தேய்க்கும் மரக்கட்டை) தேய்த்த சொரசொரப்புதான் நல்லது. பட்டி பிடித்துக்கொள்ள அதுதான் வேண்டும். லால்குடிக் கொத்தனாரிடம், தூசியைத் தட்டாமலே பட்டி போட்டுவிடலாமா என்று தங்கை கணவர் கேட்டதற்கு, குளிப்பாட்டாத குழந்தைக்குப் பவுடர் போடச் சொல்கிறீர்களே என்றார். வீடே சிரித்தது.

3 மார்ச்

ஜெர்மனியில் வேலை பார்க்கும் அக்காள் மகனிடம் அந்த ஊரில் எப்படி என்று கேட்டேன். அங்கே டின் (DIN) 18202 என்றொரு தரவிதி. முடிந்த சுவரில் ஒரு மீட்டர் இடைவெளிக்கு 5 மில்லிமீட்டர் வரையும், நான்கு மீட்டருக்கு 10 மில்லிமீட்டர் வரையும் மேடுபள்ளம் இருக்கலாம். அதைவிடத் துல்லியம் வேண்டுமென்றால் அடுத்த படி, 3 மில்லிமீட்டரும் 8 மில்லிமீட்டரும். ஆனால் அதைத் தனியாக ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். பிரிட்டனில் புது வீடுகளுக்கு உத்தரவாதம் தரும் என்.எச்.பி.சி. அமைப்பின் விதியில் உட்சுவரைப் பகல் வெளிச்சத்தில் 2 மீட்டர் தள்ளி நின்று பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஆறரை அடி என்று எழுதியது அதைத்தான்.

நம் நாட்டிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பில் இரண்டரை மீட்டருக்குக் குறையாத மட்டக்கோலும் தூக்குக் குண்டும் வைத்து, வேலை நடக்க நடக்கச் சோதிக்க வேண்டும் என்று இருக்கிறது. பூச்சின் சராசரிக் கனம் சொன்ன அளவுக்குக் குறையக்கூடாது, எந்த இடத்திலும் 3 மில்லிமீட்டருக்கு மேல் குறையவே கூடாது. 'நடக்க நடக்க' என்ற சொல்லைப் பாருங்கள். முடிந்து ஒன்பது நாள் கழித்து இரவில் என்று எங்கும் இல்லை.

9 மார்ச்

அளவெடுப்பதில் தகராறு என்று ஒருவர். கேள்வி கொஞ்சம் விலகிப்போகிறது, ஆனாலும் தரத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. ஜன்னல், கதவு திறப்புகளை முழுவதும் கழிப்பதா, பாதி கழிப்பதா? இந்திய அளவீட்டு விதி ஐ.எஸ். 1200இன்படி, அரை சதுர மீட்டர் வரை உள்ள திறப்பைக் கழிப்பதில்லை. அதற்கு மேல் மூன்று சதுர மீட்டர் வரை, இரண்டு பக்கமும் ஒரே பூச்சு என்றால் ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும். அதற்கும் மேல் என்றால் இரண்டு பக்கமும் கழித்து, ஓரங்களின் பூச்சைத் தனியாக அளந்து சேர்க்க வேண்டும். காரணம் எளிது. ஜன்னல் ஓரத்துக்கு வெற்றுச் சுவரைவிட நேரம் அதிகம். நான்கு ஓரத்தையும் மூலைமட்டத்துக்குக் கொண்டுவர ஒரு நல்ல கொத்தனாருக்கு அரை நாள் போகும். அதற்குக் கூலியே இல்லை என்று அளந்தால் அவர் அவசரப்படுவார், ஓரம் கோணும், பிறகு ஓரம் கோணியதென்று பணம் பிடிப்போம்.

24 மார்ச்

கேள்வி கேட்ட மன்னார்குடி நண்பர் எழுதியிருக்கிறார். கொத்தனாரையும் கூட வைத்துக்கொண்டு பகலில் மட்டக்கோல் போட்டிருக்கிறார். கூடத்தில் இரண்டு நாணயம் நுழைந்தது ஓர் இடத்தில்தான். ஆணியால் கீறியதில் மணல் உதிரவில்லை. ஆனால் மாடிப்படியின் அடிப்பூச்சில் இரண்டடி நீளத்துக்கு டொப்பு. கொத்தனார் அதைத் தாமாகவே பெயர்த்து, கொத்திவிட்டு, மறுநாள் பூசிக் கொடுத்தாராம். பாக்கி 38,000 ரூபாய் முழுதாகப் போயிற்று. மைத்துனர் இன்னும் மனம் ஆறவில்லை. பட்டி பார்த்த பிறகு அவரை மீண்டும் கூட்டிவந்து பகலில் காட்டுங்கள்.

பட்டியை மொத்தமாக ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் ஏற்ற விடாதீர்கள். அதை வைத்துச் சுவரைச் சமன்செய்ய முயன்றால் உரிந்து வரும்.

2 ஜூன்

இந்த இழையில் எழுத எழுத அந்த 6,000 ரூபாய் உறுத்திக்கொண்டே இருந்தது. நேற்று மேஸ்திரியின் வீட்டைத் தேடிப் போனேன். துவாக்குடிக்கு அப்பால் இருக்கிறார். முழங்கால் போய்விட்டது, சாரம் ஏறி ஐந்து ஆண்டு ஆகிறதாம். மகன் பூச்சு வேலைக்குப் போகிறார். என்னைச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. சுவிட்சுப் பெட்டி விரிசல் என்றதும் தெரிந்துவிட்டது. பணத்தை நீட்டினேன். இத்தனை ஆண்டுக்குப் பணத்தின் மதிப்பைக் கணக்குப் பார்த்து 12,000 ரூபாயாகக் கொண்டுபோயிருந்தேன். ஆறாயிரத்தை எண்ணி எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்துவிட்டார்.

டார்ச்சைப் பற்றி நானே கேட்டேன். அதற்கு அவர் சொன்னது, நான் பிப்ரவரியிலிருந்து இங்கே எழுதிவந்ததைத் திருத்துகிறது. ஜன்னல் ஓரச் சுவரைப் பூசும்போது அவரும் ஒரு குண்டுபல்பைத் தரையில், சுவரோடு ஒட்டி வைத்துக்கொள்வாராம். சாந்து ஈரமாக இருக்கும்போதே நிழல் விழுகிற மேட்டை மணியாஸ் கட்டையால் இழுத்துவிடலாம், இறுகியபின் கடவுளே வந்தாலும் முடியாது என்றார். உங்கள் வீட்டில் அன்று மின்சார இணைப்பு வந்திருக்கவில்லை சார், பல்பை எதில் மாட்டுவது என்று கேட்டார்.

ஆக, விளக்கை அணையுங்கள் என்று முதல் நாள் எழுதியதை இப்படித் திருத்திக்கொள்கிறேன்: பூசும் அன்று, அந்த மாதிரிச் சுவர்களுக்கு, விளக்கைக் கொத்தனாரிடம் கொடுங்கள். அதற்கு ஒரு மின்கம்பியும் இழுத்துக் கொடுங்கள்.

3 ஜூன்

பழைய விரிசலை என்ன செய்வது என்றும் கேட்டு வந்தேன், பலருக்கு உதவும். மேலே பட்டியைத் தடவினால் ஆறு மாதத்தில் திரும்ப வரும். குழாயின் நீளத்துக்கு இருபுறமும் நான்கு விரல் அகலம் பூச்சைப் பெயர்த்து, காடியை ஆழமாக்கிக் குழாயை உள்ளே தள்ளி, சாந்தால் அடைத்துக் காயவிட்டு, அதன் மேல் வலையை ஆணியடித்து இறுக்கி, சுவரை நனைத்துப் பூச வேண்டும். ஏழு நாள் தண்ணீர். மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தொடங்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வியாழக்கிழமை அவருடைய மகன் வருகிறார். கூலி எவ்வளவு என்று முன்கூட்டியே பேசிவிட்டேன். தண்ணீர் விடுவது என் பொறுப்பு.